பிஸ்டலில் பிளஸ் பி தோட்டா: பெட்டியைப் பிரிப்பதிலிருந்து ஸ்பிரிங் மாற்றுவது வரை

"அண்ணே, இதைப் போட்டா துப்பாக்கி வெடிச்சிடாதா?"

டெக்சாஸில் துப்பாக்கி சுடும் ரேஞ்ச் ஒன்றின் வாசலில், கார் டிக்கியைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றிருந்தோம். கேட்டவன் என்னைவிடப் பத்து வயது இளைய நண்பன். கையில் இருபது தோட்டா கொண்ட சின்னப் பெட்டி. பெட்டியின் முகப்பில் ஒரு கூட்டல் குறி, பக்கத்தில் பி என்ற ஆங்கில எழுத்து.

"வெடிக்காதுடா தம்பி. ஸ்பிரிங்கை எப்ப மாத்தினே?"

முழித்தான். ரீகாயில் ஸ்பிரிங், அதாவது சுட்டதும் பின்னே ஓடும் மேற்பகுதியை (ஸ்லைடை) திரும்ப முன்னே தள்ளும் ஸ்பிரிங், மாற்ற வேண்டிய பொருள் என்பதே அவனுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

பிளஸ் பி, அதாவது வழக்கத்தைவிட அதிக அழுத்தம் தரும் தோட்டாவைப் பற்றிப் பயப்படுகிறவர்கள் பெரும்பாலும் தவறான இடத்தைப் பார்த்துப் பயப்படுகிறார்கள். நல்ல நிலையில் இருக்கும், அதற்கென்று அனுமதிக்கப்பட்ட பிஸ்டலை அது வெடிக்க வைப்பதில்லை, தேய வைக்கிறது. வெடிக்க வைப்பவை வேறு. அவற்றையும் கீழே சொல்கிறேன், கொஞ்சம் விரிவாகவே.

முதலில் ஒன்று. இது அமெரிக்காவில் சட்டப்படி பிஸ்டல் வைத்திருப்பவர்களுக்கானது. இந்தியாவில் உரிமம் பெற்ற குடிமக்களுக்கு 9 மி.மீ. பாராபெல்லம் தடைசெய்யப்பட்ட வகை. அங்கே பெரும்பாலோர் கையில் இருப்பது .32 பிஸ்டல். அந்த .32-க்கு பிளஸ் பி என்ற தரநிலையே கிடையாது. ஆகவே ஊரில் இருக்கும் மாமா யாராவது இதைப் படித்துவிட்டு "நமக்கும் கிடைக்குமா" என்று தேடத் தொடங்க வேண்டாம்.

அந்தக் கூட்டல் குறி என்ன சொல்கிறது

அமெரிக்காவில் தோட்டாவுக்கான அழுத்த வரம்புகளை வகுப்பது 1926-இல் தொடங்கப்பட்ட உற்பத்தியாளர் கழகம். அதன் பெயர்ச்சுருக்கத்தை நம் வாயால் சொன்னால் 'சாமி' என்று வரும். சாமி சொன்ன கணக்கு இது: சாதாரண 9 மி.மீ. லூகர் தோட்டாவுக்கு உச்ச சராசரி அழுத்தம் 35,000 பி.எஸ்.ஐ., அதாவது ஒரு சதுர அங்குலத்துக்கு 35,000 பவுண்டு. பிளஸ் பி என்றால் 38,500. பத்து சதவீதம் கூடுதல். .45 ஏ.சி.பி.க்கு 21,000 என்பது 23,000 ஆகிறது.

35,000 என்றால் எவ்வளவு? கார் டயரில் நாம் அடிக்கும் காற்று சுமார் 35 பி.எஸ்.ஐ. வீட்டு குக்கர் விசில் அடிப்பது 15-க்குப் பக்கத்தில். டயரைப்போல ஆயிரம் மடங்கு அழுத்தம், உங்கள் உள்ளங்கையிலிருந்து சில அங்குலத்தில், ஒரு மில்லி விநாடிக்கும் குறைவான நேரம் வந்து போகிறது. சாதாரணத் தோட்டாவே அப்படித்தான். பிளஸ் பி என்பது அதன்மேல் பத்து சதவீதம், அவ்வளவே. இதைவிட அதிக அழுத்தத்தில் இயங்கும் பிஸ்டல் தோட்டாக்களும் உண்டு; .357 சிக் தோட்டாவின் சாதாரண வரம்பே 40,000. குண்டு ஓடும் குழாயான பேரல் தாங்குமா என்பதல்ல கேள்வி. அந்தக் குறிப்பிட்ட துப்பாக்கி மொத்தமும் எந்த வேகத்துக்காக வடிவமைக்கப்பட்டது என்பதுதான்.

பிளஸ் பிக்குப் பக்கத்தில் இன்னொரு கூட்டல் குறி சேர்ந்து 'பிளஸ் பி பிளஸ்' என்று இருந்தால் கதையே வேறு. அதற்கு சாமி எந்த வரம்பும் வகுக்கவில்லை. 38,500-ஐத் தாண்டியது என்று மட்டும் தெரியும். எவ்வளவு தாண்டியது என்பது தயாரிப்பாளருக்கே வெளிச்சம். இலினாய் மாநிலக் காவல்துறை போன்ற துறைகள் கேட்டு வாங்கியதால் பிரபலமான வகை அது. துறைகளிடம் உதிரிபாகமும் ஆயுதப் பழுதுபார்ப்பவரும் உண்டு, நம்மிடம் கிடையாது. ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் தன் கையேடுகளில் பிளஸ் பி பிளஸ் தோட்டாவைப் பயன்படுத்தவே கூடாது என்று எழுதியிருக்கிறது. என் யோசனையும் அதுதான். பெட்டியை எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள்.

படி 1: பெட்டி, தோட்டாவின் அடிப்பாகம், பேரல், கையேடு

நான்கையும் இந்த வரிசையில் படியுங்கள்.

பெட்டியில் அளவும் பிளஸ் பி குறியும் இருக்கும். பெட்டியை மட்டும் நம்ப வேண்டாம். ஒரு தோட்டாவை எடுத்துக் கவிழ்த்து, அடிப்பாகத்தில் பிரைமரை, அதாவது மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடியைச் சுற்றிப் பொறித்திருக்கும் எழுத்தைப் பாருங்கள். அங்கேயும் பிளஸ் பி என்று இருக்க வேண்டும். பெட்டிகள் மாறிப்போகும், உதிரித் தோட்டா வேறு பெட்டிக்குள் போய் உட்காரும். அடிப்பாகத்தின் எழுத்து மாறாது.

வட்டத்துக்குள் சிலுவைக் குறி இருந்தால் அது நேட்டோ தரத்தில் செய்தது. நேட்டோ அழுத்தத்தை அளக்கும் முறை சாமி முறையிலிருந்து வேறு என்பதால் இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட முடியாது. பொதுவாக அது சாதாரணத் தோட்டாவைவிடச் சற்று உரமானது. பிளஸ் பிக்கு என்ன எச்சரிக்கையோ அதையே இதற்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து பேரல். அதில் தோட்டா உட்காரும் சேம்பர் பகுதியில் அளவு பொறிக்கப்பட்டிருக்கும். எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும். "கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான்" என்ற பேச்சே கூடாது. ஏன் என்பதற்கு ஒரு பழைய கதை இருக்கிறது.

கோல்ட் நிறுவனத்தின் 1900-ஆம் ஆண்டு பிஸ்டல், .38 ஏ.சி.பி. என்ற தோட்டாவோடு வந்தது. 1929-இல் அதே நிறுவனம் அதே அளவுப் பித்தளைக் கூட்டில் அதிக வெடிமருந்தேற்றி .38 சூப்பர் என்று கொண்டுவந்தது. வலிமையான 1911 வகைத் துப்பாக்கிக்காகச் செய்தது அது. ஆனால் அளவு ஒன்றுதான் என்பதால் சூப்பர் தோட்டா பழைய பிஸ்டலுக்குள்ளும் அழகாகப் போய் உட்காரும். அந்தப் பழைய பிஸ்டலில் ஸ்லைடை முன்பக்கம் ஒரு சிறு ஆப்பு பிடித்திருக்கும். அது விட்டுப்போனால் ஸ்லைடு பின்னோக்கிச் சுடுபவரின் முகத்துக்கே வரும். இந்தக் குழப்பத்தைத் தவிர்க்கத்தான் 1970-களில் .38 சூப்பர் தோட்டாவின் பெயரோடேயே பிளஸ் பி என்பதைச் சேர்த்தார்கள். சேம்பருக்குள் நுழைந்துவிட்டது என்பதால் மட்டும் ஒரு தோட்டா உங்கள் துப்பாக்கிக்கு உரியதாகிவிடாது.

கடைசியாகக் கையேடு. தொலைத்திருந்தால் தயாரிப்பாளரின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கும். அதில் மூன்றில் ஒன்று இருக்கும்: பிளஸ் பி போடலாம் என்ற அனுமதி, போடலாம், ஆனால் தேய்மானம் கூடும் என்ற எச்சரிக்கை, போடாதே என்ற தடை. சிக் பி365, ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ஷீல்டு போன்ற சின்ன பிஸ்டல்களே பிளஸ் பிக்கு அனுமதி பெற்றவை. ஆகவே 'சின்னது, தாங்காது', 'பெரியது, தாங்கும்' என்று கண்ணால் முடிவு செய்ய முடியாது. கையேடு எதுவுமே சொல்லவில்லை என்றால் நிறுவனத்துக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள். அதுவரை சாதாரணத் தோட்டா.

தாத்தா போரிலிருந்து கொண்டுவந்தது என்று சொல்லப்படும் லூகர், வால்தர் பி38, பழைய ஹை பவர் இவற்றுக்கெல்லாம் என் பதில் கையேட்டைத் திறக்கும் முன்பே 'வேண்டாம்'. அவற்றின் உலோகத்துக்கு எண்பது வயது. .380 ஏ.சி.பி., .40 எஸ் அண்ட் டபிள்யூ இரண்டுக்கும் சாமி பிளஸ் பி வரம்பே வகுக்கவில்லை. அந்த அளவுகளில் 'பிளஸ் பி' என்று யாராவது விற்றால் அந்த எண்ணுக்குப் பின்னால் எந்தத் தரநிலையும் இல்லை என்று பொருள்.

உங்களுக்கு இது தேவையா?

இதைப் படிகளில் சேர்க்கவில்லை. ஆனால் கேட்டே ஆக வேண்டிய கேள்வி.

ஸ்பியர் நிறுவனத்தின் கோல்டு டாட் 124 கிரெய்ன் (குண்டின் எடை) தோட்டாவையே எடுத்துக்கொள்வோம். சாதாரண வகைக்கு நிறுவனம் சொல்லும் வேகம் விநாடிக்கு 1,150 அடி. பிளஸ் பிக்கு 1,220. அழுத்தம் பத்து சதவீதம் கூடினாலும் வேகம் ஆறு சதவீதம்தான் கூடுகிறது. குண்டின் ஆற்றல் 364 அடி-பவுண்டிலிருந்து 410 ஆகிறது. நியூயார்க் நகரக் காவல்துறை அந்த 124 கிரெய்ன் பிளஸ் பியை நெடுங்காலம் பயன்படுத்தியது. நல்ல தோட்டாதான், சந்தேகமில்லை.

ஆனால் எஃப்.பி.ஐ.யின் அளவுகோல், தசைக்குப் பதிலாக வைத்துச் சோதிக்கும் ஜெலட்டினில் 12 முதல் 18 அங்குலம் ஊடுருவ வேண்டும் என்பது. இன்றைய தரமான சாதாரண அழுத்தத் தோட்டாக்களில் பலவும் அதைத் தொடுகின்றன. ஆக, ஆறு சதவீத வேகத்துக்கு நீங்கள் கொடுக்கும் விலை: கூடுதல் உதைப்பு, கூடுதல் வெளிச்சம், அடுத்த குண்டுக்கு மெதுவாகத் திரும்பும் குறி, சீக்கிரம் சோர்ந்துபோகும் ஸ்பிரிங். புதிதாகப் பழகுகிறவர் யாராவது கேட்டால் நான் சாதாரணத் தோட்டாவே போதும் என்பேன். மிச்சக் காசில் பயிற்சித் தோட்டா வாங்கச் சொல்வேன். இதற்குமேலும் வேண்டும் என்பவர்கள் தொடரலாம்.

படி 2: ஸ்லைடுக்கு என்ன நடக்கிறது என்று புரிந்துகொள்ளுங்கள்

இன்றைய 9 மி.மீ. பிஸ்டல்களில் பெரும்பாலானவை பிரவுனிங் முறையில் பூட்டிக்கொள்பவை. சுட்டதும் பேரலும் ஸ்லைடும் ஒன்றாகப் பூட்டியபடியே சில மில்லி மீட்டர் பின்னே போகும். அதற்குள் குண்டு வாயைவிட்டு வெளியேறி அழுத்தம் இறங்கிவிடும். அப்புறம் பேரலின் பின்பக்கம் கீழே சாய்ந்து பூட்டு விடும். ஸ்லைடு மட்டும் தொடர்ந்து பின்னே ஓடி, வெற்றுக் கூட்டை வெளியே தள்ளி, ஸ்பிரிங்கை அமுக்கி, பிடியோடு சேர்ந்த கீழ்ப்பகுதியான ஃபிரேமில் மோதித் திரும்பும்.

குண்டு எவ்வளவு உந்தத்தோடு முன்னே போகிறதோ, ஸ்லைடு அவ்வளவு உந்தத்தோடு பின்னே வரும். குண்டு ஆறு சதவீதம் வேகமானால் ஸ்லைடும் ஏறக்குறைய அதே அளவு வேகமாகும். ஆனால் மோதலின் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். ஆகவே ஸ்பிரிங்கும் ஃபிரேமும் வாங்கும் அடி பன்னிரண்டு, பதிமூன்று சதவீதம் கூடும். ஒரு முறைக்கு அது ஒன்றுமில்லை. ஐந்தாயிரம் முறைக்கு அது ஒரு கணக்கு. தேய்ந்துபோன ஸ்பிரிங் என்றால் அந்த அடியில் பெரும்பங்கு நேராக ஃபிரேமுக்குப் போகிறது.

அமெரிக்க ராணுவம் 1985-இல் பெரெட்டா எம்9 பிஸ்டலை ஏற்ற பிறகு, சில ஆண்டுகளில் சுடும்போது சில ஸ்லைடுகள் உடைந்தன. பின்பாதி பறந்து வந்து கடற்படைச் சிறப்புப் படை வீரர்கள் முகத்தில் காயம்பட்டார்கள். நிறுவனம் அதிக அழுத்தத் தோட்டாவைக் காரணம் காட்டியது; ராணுவம் ஸ்லைடின் உலோகத்தைக் காட்டியது. வாக்குவாதம் நீண்டது. கடைசியில் ஹேமர் பின்னின், அதாவது சுத்தியலைத் தாங்கும் ஊசியின் தலையைப் பெரிதாக்கி, ஸ்லைடில் அதற்கென்று ஒரு பள்ளமும் வெட்டினார்கள். ஸ்லைடு உடைந்தாலும் பின்னே பறக்காமல் அந்தத் தலையில் மாட்டிக்கொண்டு நிற்கும். இன்றைய 92 எஃப்.எஸ். வகையில் அந்தத் திருத்தம் இருக்கிறது.

படி 3: துப்பாக்கியைச் சோதியுங்கள்

தோட்டாக்கள் அடுக்கியிருக்கும் மேகசினைக் கழற்றுங்கள். ஸ்லைடை இழுத்துச் சேம்பரைக் கண்ணால் பாருங்கள், சுண்டுவிரலை விட்டும் பாருங்கள். தோட்டாக்கள் அந்த அறையிலேயே இருக்கக் கூடாது. அப்புறம் பிரித்துத் துடையுங்கள்.

பேரலின் அடிப்பக்கப் பூட்டு முனைகள், ஸ்லைடில் கூடு வெளியேறும் ஜன்னலின் மூலைகள், ஸ்லைடைப் பின்னால் நிறுத்திவைக்கும் ஸ்லைடு ஸ்டாப்பின் துளை: நுண்ணிய விரிசல்கள் இங்கேதான் தொடங்கும். டார்ச் வெளிச்சத்தைச் சாய்வாக அடித்துப் பாருங்கள். மினுமினுப்பாகத் தேய்ந்திருந்தால் இயல்பு. உலோகம் நசுங்கி மடிந்து விளிம்பு கட்டியிருந்தால் இயல்பல்ல, ஆயுதப் பழுதுபார்ப்பவரிடம் காட்டுங்கள்.

ரீகாயில் ஸ்பிரிங்கை எத்தனை தோட்டாவுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்பது கையேட்டில் இருக்கும். சின்ன பிஸ்டல்களில் சீக்கிரம் வரும். பழைய துப்பாக்கி வாங்கியிருந்தால் எண்ணிக்கையை யோசித்துக்கொண்டிருக்க வேண்டாம், புதிதாக ஒன்று போட்டுவிடுங்கள்.

இங்கே பலரும் செய்யும் தவறு ஒன்று: பிளஸ் பிக்காக மிக கெட்டியான ஸ்பிரிங்கை வாங்கி மாட்டுவது. .45 அளவு 1911 பிஸ்டலில் சாதாரண ஸ்பிரிங் 16 பவுண்டு, உரமான தோட்டாவுக்கு 18.5 போடுவது வழக்கம். அது சரி. அதற்குமேல் போனால் ஸ்லைடு பின்னே மெதுவாகப் போய், முன்னே வரும்போது அதே வலுவோடு அறையும். அந்த அடியைப் பேரலின் பூட்டும் ஸ்லைடு ஸ்டாப்பும் வாங்கும். பயிற்சித் தோட்டாவில் சிக்கவும் தொடங்கும். பிளஸ் பிக்கு அனுமதி பெற்ற பாலிமர் ஃபிரேம் பிஸ்டல்களில் நிறுவனம் கொடுத்த ஸ்பிரிங்கே பிளஸ் பிக்கும் சேர்த்துத்தான் கணக்கிடப்பட்டிருக்கும். மாற்றாதீர்கள்.

எண்ணெய் ஸ்லைடு ஓடும் தண்டவாளங்களுக்கு. சேம்பருக்குள் எண்ணெய் இருக்கக் கூடாது. சுடும்போது பித்தளைக் கூடு விரிந்து சேம்பர் சுவரைப் பிடித்துக்கொள்ள வேண்டும். சுவர் வழுக்கினால் அந்தப் பிடி விட்டு, முழுத் தள்ளலும் ஸ்லைடின் முகத்துக்குப் போகும். உலர்ந்த துணியால் துடைத்துவிடுங்கள்.

படி 4: ரேஞ்சில்

காதுக்கு இரட்டைப் பாதுகாப்பு: உள்ளே நுரை அடைப்பான், மேலே கவசம். 9 மி.மீ. பிஸ்டலின் சத்தம் 160 டெசிபெல் சுமாருக்கு இருக்கும். 140-க்கு மேலேயே ஒரே சத்தத்தில் காது கெடலாம். மூடிய ரேஞ்சில் பிளஸ் பி சுட்டால் பக்கத்து வரிசைக்காரர் திரும்பிப் பார்ப்பார். கண்ணாடி கட்டாயம்.

முதலில் ஐம்பது சாதாரணத் தோட்டா சுடுங்கள். சுட்ட கூடுகள் எங்கே விழுகின்றன என்று பார்த்து வையுங்கள். அந்த இடம்தான் பிறகு ஒப்பிடுவதற்கான அளவு. சாதாரணத்திலேயே சிக்கினால் அன்றைக்கு பிளஸ் பி இல்லை.

சரி, இப்போது மேகசினில் ஒரே ஒரு பிளஸ் பி. சுடுங்கள். ஸ்லைடு பின்னால் பூட்டி நிற்கிறதா? நின்றால் நல்லது. கூட்டைத் தேடி எடுத்துப் பாருங்கள். அடுத்து இரண்டு. அப்புறம் ஐந்து. பிறகு முழு மேகசின். இரண்டு போட்டுச் சுடுவதற்குக் காரணம் உண்டு: ஸ்லைடு வேகமாகத் திரும்பும்போது, மேகசின் ஸ்பிரிங் அடுத்த தோட்டாவை மேலே தூக்க நேரம் குறைகிறது. மேகசின் ஸ்பிரிங் சோர்ந்திருந்தால் ஸ்லைடு தோட்டாவின் தலைக்குமேலே ஓடிப்போகும், அல்லது நடுவிலேயே இடித்துக்கொண்டு நிற்கும். துப்பாக்கியைத் திட்டுவதற்கு முன்பு மேகசினைச் சந்தேகியுங்கள். உங்களிடம் உள்ள ஒவ்வொரு மேகசினையும் இப்படிச் சோதிக்க வேண்டும்.

குறி சற்றுக் கீழே விழலாம். வேகமான குண்டு, துப்பாக்கி மேலே எழும்புவதற்குள் பேரலைவிட்டுப் போய்விடுவதால் அப்படி. பத்து கெஜத்துக்குள் அது ஒரு பொருட்டல்ல.

படி 5: வெற்றுக் கூட்டைப் படிப்பது

சாதாரணக் கூடு ஒன்றையும் பிளஸ் பி கூடு ஒன்றையும் உள்ளங்கையில் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

அடிப்பாகத்துக்குச் சற்று மேலே, ஒரு பக்கமாக வீங்கியிருக்கிறதா? தோட்டா ஏறும் சரிவுப் பாதைக்காகச் சேம்பரின் அடியில் கொஞ்சம் வெட்டியிருப்பார்கள். அந்த இடத்தில் கூட்டுக்குத் தாங்கல் இல்லை. அழுத்தம் மிஞ்சினால் பித்தளை அங்கேதான் புடைக்கும், புன்னகைக்கும் வாய் மாதிரி ஒரு வளைவு தெரியும். விரல் நகத்தை ஓட்டினாலே தட்டுப்படும் புடைப்பு என்றால் நிறுத்துங்கள். பிரைமர் கழன்று விழுந்திருந்தாலோ அதன் ஓரத்தில் கரும்புகை கசிந்திருந்தாலோ கூட நிறுத்துங்கள்.

பிரைமர் தட்டையாகிவிட்டது என்பதை மட்டும் வைத்துப் பயப்பட வேண்டாம். சில பிரைமர்கள் இயல்பாகவே மென்மையானவை. பிஸ்டல் அழுத்தங்களில் பிரைமரின் முகம் நம்பகமான சாட்சி அல்ல. கிளாக் பிஸ்டலில் சுட்ட கூட்டில் நீள்சதுரமாக ஒரு தடம் இருக்கும். அதைப் பார்த்துவிட்டு அதிக அழுத்தம் என்று பதறுகிறவர்கள் உண்டு. அந்தத் துப்பாக்கியில் பிரைமரை அடிக்கும் முள் வெளிவரும் துளையின் வடிவமே அப்படித்தான்.

கூடுகள் முன்பைவிட ஓரிரு அடி தள்ளி விழுந்தால் இயல்பு. பத்துப் பதினைந்து அடி பறந்தால் ஸ்பிரிங் சோர்ந்திருக்கலாம்.

உண்மையில் துப்பாக்கியை வெடிக்க வைப்பவை

முதலாவது, குண்டு உள்ளே இறங்கிப்போவது. ஒவ்வொரு நாளும் இரவு துப்பாக்கியை வெறுமையாக்கி, காலையில் அதே தோட்டாவை மறுபடி ஏற்றுகிறவர்களுக்கு இது நடக்கும். ஏற்றும் ஒவ்வொரு முறையும் குண்டின் மூக்கு சரிவுப் பாதையில் இடித்துக்கொண்டு, கூட்டுக்குள் ஒரு மயிரிழை இறங்குகிறது.

நானே பல மாதம் இதைச் செய்தேன். ஒருநாள் சாப்பாட்டு மேசையில் அந்தத் தோட்டாவையும் புதிதாகப் பெட்டியிலிருந்து எடுத்த ஒன்றையும் பக்கத்தில் நிறுத்தினேன். கண்ணுக்கே தெரிந்தது, ஒன்று அண்ணன், ஒன்று தம்பி. காலிப்பரை வைத்து அளந்தால் கிட்டத்தட்ட ஒரு மில்லி மீட்டர் குட்டை.

ஒரு மில்லி மீட்டரில் என்ன இருக்கிறது என்று கேட்டால், ஸ்பியர் நிறுவனம் முன்பு வெளியிட்ட சோதனை ஒன்று இருக்கிறது. 9 மி.மீ. தோட்டாவில் குண்டை வேண்டுமென்றே 0.03 அங்குலம், அதாவது 0.76 மி.மீ. ஆழமாக இறக்கிச் சுட்டார்கள். பழைய செம்பு உருளை முறை அளவில் 28,000 ஆக இருந்த அழுத்தம் 62,000 ஆனது. பிளஸ் பி கூட்டுவது பத்து சதவீதம். இது இரண்டு மடங்குக்கும் மேல். கூட்டுக்குள் இடம் குறைந்தால் அவ்வளவுதான். ஏற்கெனவே 38,500-இல் இருக்கும் தோட்டாவில் இது நடந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

ஆகவே ஒரே தோட்டாவை இரண்டு மூன்று முறைக்குமேல் சேம்பரில் ஏற்றாதீர்கள். ஒவ்வொரு முறையும் புதிய தோட்டாவின் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். குட்டையாக இருந்தால் அதைச் சுட்டுத் தீர்க்கலாம் என்று நினைக்காதீர்கள். ரேஞ்சில் பழுதான தோட்டாவுக்கென்று ஒரு டப்பா இருக்கும், அதில் போடுங்கள்.

இரண்டாவது, பேரலுக்குள் சிக்கிய குண்டு. மருந்து குறைவாகவோ இல்லாமலோ போன தோட்டாவில் பிரைமர் மட்டும் வெடித்துக் குண்டைப் பாதி வழியில் விட்டுவிடும். சத்தம் 'டப்' என்று வராமல் 'பொத்' என்று வரும், கையில் உதைப்பே இருக்காது. நம் கை பழக்க தோஷத்தில் ஸ்லைடை இழுத்து அடுத்ததைச் சுடத் துடிக்கும். அந்தக் கையை அடக்க வேண்டும். விரலை டிரிக்கரிலிருந்து எடுங்கள், மேகசினைக் கழற்றுங்கள், சேம்பரைக் காலி செய்யுங்கள், பேரலைக் கழற்றி வெளிச்சத்தில் பாருங்கள். ஒரு முறை என் பக்கத்து வரிசையில் ஒருவருக்கு இப்படி நடந்தது. ரேஞ்ச் அதிகாரி அங்கிருந்தே ஒரு சத்தம் போட்டார். பேரலைக் கழற்றிப் பார்த்தபோது நடுவில் குண்டு உட்கார்ந்திருந்தது.

டிரிக்கரை இழுத்தும் ஒன்றுமே நடக்கவில்லை என்றால் வேறு. துப்பாக்கியை இலக்கை நோக்கியே வைத்து முப்பது விநாடியாவது காத்திருங்கள். தாமதமாக வெடிப்பது அரிது, ஆனால் உண்டு.

மூன்றாவது, அடுத்தவர் வீட்டில் மருந்தேற்றிய தோட்டா. "நல்லாத்தான் இருக்கும், நானே போட்டது" என்று கண்காட்சியில் ஒருவர் பிளாஸ்டிக் பையில் நீட்டுவார். மருந்து இரண்டு முறை விழுந்த தோட்டா ஒன்று அதில் இருந்தால் வெளியிலிருந்து கண்டுபிடிக்கவே முடியாது. அவர் உங்கள் சொந்த மச்சானாக இருந்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பிளஸ் பி வேண்டுமென்றால் ஆலையில் செய்தது, பெட்டியோடு.

படி 6: வைத்திருக்கும்போது

டெக்சாஸ் கோடையில் மூடிய காருக்குள் தோட்டாவை விட்டுவிடாதீர்கள். மருந்து சூடாக இருக்கும்போது சுட்டால் அழுத்தம் ஏறும், நெடுநாள் சூட்டில் மருந்தே கெட்டும் போகும். வீட்டில் குளிர்ந்த, ஈரமில்லாத இடம், பூட்டு, குழந்தைகள் கைக்கு எட்டாத உயரம் மட்டுமல்ல, எட்டினாலும் திறக்காத பெட்டி. பச்சைப் பிடித்த பித்தளையைச் சுட வேண்டாம்.

பயிற்சிக்குச் சாதாரணத் தோட்டா, பிளஸ் பி ஆண்டுக்கு இரண்டு மூன்று பெட்டி என்று வைத்துக்கொண்டால் தேய்மானம் பற்றிக் கவலைப்படவே வேண்டியதில்லை. குண்டின் எடை இரண்டுக்கும் ஒன்றாக இருந்தால் கைக்குப் பழக்கம் மாறாது. 124 கிரெய்ன் பிளஸ் பி வைத்திருக்கிறவர் 124 கிரெய்ன் பயிற்சித் தோட்டா வாங்குவது நல்லது.

ஒரு சின்ன நோட்டு போடுங்கள். தேதி, எத்தனை சாதாரணம், எத்தனை பிளஸ் பி, எந்த மேகசினில் சிக்கியது. நான் பிளஸ் பி ஒன்றை இரண்டாக எண்ணிக் கூட்டுகிறேன். அது அறிவியல் அல்ல, என் சௌகரியம். புது ஸ்பிரிங் போடும் அன்று பழையதை அதன் பக்கத்தில் படுக்கவைத்து நீளத்தைப் பாருங்கள். நண்பனுடைய துப்பாக்கியில் பழையது இரண்டு சுருள் குட்டையாக இருந்தது. அவன் அந்தப் பிளஸ் பி பெட்டியை அன்றைக்குப் பிரிக்கவில்லை. ஸ்பிரிங் தபாலில் வந்து சேர ஒன்பது நாள் ஆனது.